தரகருக்கு ஒரு மோதிரம்: வெளிநாட்டுச் சீக்கியர் வீடுகளில் காதலும் ஏற்பாடும்

கேள்வி இதுதான். கனடாவில் பிறந்து வளர்ந்த சீக்கியப் பெண் ஒருவர் கேட்பவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். "அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், வீட்டில் பார்த்த மாப்பிள்ளை" என்று சொன்னவர், சற்று நேரத்தில் "அவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்" என்றும் சொல்லிவிட்டார். இதில் எது உண்மை? வெளிநாட்டுச் சீக்கியக் குடும்பங்களில் காதல் திருமணத்துக்கு இடம் உண்டா, இல்லை பெற்றோர் பார்ப்பதுதானா? அவர்கள் மதம் என்ன சொல்கிறது?

அந்தப் பெண் சொன்ன இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். எப்படி என்று சொல்கிறேன். லண்டனின் மேற்குப் பகுதியான சவுத்தாலில் ஒரு சீக்கியக் குடும்பத்தின் மாடியறையில் நான்கு வருடம் குடியிருந்தவன் நான். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு சட்ட அலுவலகத்தில் கணவன், மனைவி விசாவுக்கான கோப்புகளைத் தயாரித்தேன். அந்தக் கோப்புகளில் பாதி பஞ்சாபிக் குடும்பங்களுடையவை. ஆகவே இந்த விஷயத்தைச் சமையலறைப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன், விசா அதிகாரியின் மேசைப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சமையலறை. வீட்டுக்கார அம்மாவை ஆண்ட்டிஜி என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் 'புத்தர்' என்பார். முதல் வாரம் எனக்குக் குழப்பம்தான். பஞ்சாபியில் அதற்கு மகனே என்று பொருள். அவருடைய மூத்த மகள் மருந்தாளுநர் படிப்பை முடித்திருந்தாள். கூடப் படித்த பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவிடம் சொன்னாள். ஆண்ட்டிஜி மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் நான்கு கேள்வி கேட்டார். சீக்கியனா? என்ன ஆட்கள், அதாவது என்ன சாதி? எந்த ஊர்? அவன் கோத் என்ன, அவன் அம்மாவுடைய கோத் என்ன? கோத் என்றால் நம் கோத்திரம்போன்ற குலப் பிரிவு. படிப்பும் வேலையும் ஐந்தாவது கேள்வியாகத்தான் வந்தன. நான்குக்கும் சரியான பதில் கிடைத்தது. ஆண்ட்டிஜி மாவை மூடி வைத்துவிட்டு, "சரி. நீ எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை" என்றார்.

அன்றிரவே வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கும் தூரத்து உறவினர் ஒருவருக்குத் தொலைபேசி போனது. பையன் வீட்டாரை அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர், தானே யோசித்துக் கண்டுபிடித்ததுபோல, ஒரு 'ரிஷ்தா'வோடு வந்தார். சம்பந்தப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. அதைக் கொண்டுவருபவர் 'விசோலா', நடுவில் நிற்பவர். அடுத்த சனிக்கிழமை பையன் வீட்டார் வந்தார்கள். பக்கோடா, பர்ஃபி, தேநீர். பெண் தட்டோடு வந்தாள், தலையைச் சற்றுக் குனிந்தபடி. எல்லோரிடமும் "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டுக்கேட்டுப் போட்டவள், பையனின் கோப்பைக்கு வந்தபோது கேட்காமலே இரண்டு கரண்டி போட்டுவிட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கல்யாணத்தில் விசோலாவுக்கு வழக்கப்படி தங்க மோதிரம் போட்டார்கள். ஜலந்தர் பக்கத்து உறவினர்களுக்கு அது இன்றுவரை பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம்.

உங்கள் அலுவலகப் பெண் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். காதல், ஏற்பாடு என்று கோடு கிழித்து இரண்டு பக்கம் பிரிப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பழக்கம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு உள்ள வேலை, பிள்ளை கொண்டுவந்த பெயரை ரிஷ்தாவாக மாற்ற முடியுமா என்று பார்ப்பது. அந்த நான்கு கேள்விகளும் அதற்குத்தான். எந்தக் கேள்வியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மதம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மதம் சொல்லவே இல்லை. குருமார்கள் குடும்ப வாழ்க்கையை உயர்வாகச் சொன்னவர்கள். துறவுக்கு அங்கே பெரிய மரியாதை கிடையாது. "சேர்ந்து உட்கார்வதால் மட்டும் கணவன் மனைவி ஆகிவிட மாட்டார்கள், இரண்டு உடலில் ஒரே ஒளியாக இருப்பவர்களே கணவன் மனைவி" என்ற கருத்தில் மூன்றாம் குரு அமர்தாஸ் பாடிய வரி அவர்களுடைய புனித நூலான குரு கிரந்த சாகிபில் இருக்கிறது. இரண்டு கட்சியும் அதைத் தமக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளும். திருமணச் சடங்கின் பெயர் 'ஆனந்த் காரஜ்'. நான்காம் குரு ராம்தாஸ் எழுதிய நான்கு 'லாவான்' பாடல்கள் ஒவ்வொன்றாகப் பாடப்பட, மணமக்கள் கிரந்தத்தை நான்கு முறை வலம் வருகிறார்கள். உன்னைக் கைவிட மாட்டேன் என்பதுபோன்ற உறுதிமொழி எதுவும் அந்தப் பாட்டுகளில் இல்லை. ஆன்மா இறைவனை நெருங்கும் நான்கு படிகளைத்தான் அவை சொல்கின்றன. இந்தச் சடங்குக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது 1909-ஆம் ஆண்டின் ஆனந்த் திருமணச் சட்டம்.

1945-இல், சீக்கியக் கோயில்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியான 'ரெஹத் மரியாதா'வில் திருமணத்துக்கென்று தனிப் பகுதி உண்டு. சாதியும் குலமும் பார்க்க வேண்டாம் என்கிறது. சீக்கியர் மகளைச் சீக்கியருக்கே கொடுக்கச் சொல்கிறது. சிறுவயதுத் திருமணம் கூடாது, பணம் வாங்கிக்கொண்டு பெண்ணையோ பையனையோ கொடுக்கக் கூடாது, ஜாதகம் பார்த்து நாள் குறிக்கக் கூடாது என்கிறது. கடைசி விதியை மட்டும் எல்லோரும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சவுத்தாலில் மண்டபம் காலியாக இருக்கும் சனிக்கிழமைதான் முகூர்த்தம்.

சாதி விதியின் கதை வேறு. பத்து குருமார்களும் கத்ரி என்ற வணிகக் குலத்தில் பிறந்து கத்ரி குலத்திலேயே மணம் முடித்தவர்கள். சாதியை நன்றாகச் சாடினார்கள், ஆனால் சம்பந்தம் செய்யும் வழக்கத்தை உடைத்துக் காட்டியதாகச் சொல்ல முடியாது. அந்த இடைவெளி கப்பல் ஏறி வந்துவிட்டது. இங்கிலாந்தில் பல ஊர்களில் ராம்கடியா குருத்வாரா என்று பெயர்ப்பலகையே இருக்கும். தச்சர், கொல்லர் மரபினருடையது. இவர்களில் பலருடைய தாத்தாக்கள் உகாண்டா ரயில் பாதை போடப் போனவர்கள். 1972-இல் உகாண்டா அதிபர் இடி அமீன் துரத்தியபோது இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. தோஆபாவிலிருந்து, அதாவது ஜலந்தர், ஹோஷியார்பூர், கபூர்தலா பக்கத்திலிருந்து, நேராக வந்தவர்களில் ஜாட் என்ற விவசாயச் சாதியின் நிலமுள்ள குடும்பங்கள் அதிகம். ஒரே பள்ளியில் படித்து, குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த ஜாட் பையனும் ராம்கடியாப் பெண்ணும் கல்யாணம் என்று வந்ததும் 'வேறு ஆட்கள்' ஆகிவிடுவார்கள். இப்போது அந்தச் சுவரில் நிறைய ஓட்டை விழுந்திருக்கிறது. முதல் வருடம் அம்மா அழுவார், இரண்டாம் வருடம் மண்டபம் பார்ப்பார். ஆனால் ஜாட் வீட்டுப் பெண் தலித் குடும்பத்துப் பையனை விரும்பினால் அந்த அழுகை அவ்வளவு எளிதில் அடங்காது. 2009-இல் வியன்னாவில், தலித் மரபில் பிறந்த ஞானி ரவிதாஸைப் பின்பற்றுவோரின் கோயில் ஒன்றில் நடந்த தாக்குதலும், அடுத்த வருடம் ரவிதாசியர்களில் ஒரு பகுதியினர் தனி மதம் என்றே அறிவித்துக்கொண்டதும் இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டின.

ஊரும் கோத்தும் என்ன என்று உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். நம் வழக்கத்துக்கு அது நேர் எதிர். நமக்கு அத்தை மகனும் மாமன் மகளும் முறை. பஞ்சாபியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் ஒருமுறை ஆண்ட்டிஜியிடம் சொன்னேன். "தங்கையைக் கட்டுவார்களா?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். அவர்களுக்கு அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லோரும் உடன்பிறப்புகள். அது மட்டுமல்ல, தன் கோத், அம்மாவின் கோத், அப்பாவைப் பெற்ற பாட்டியின் கோத், அம்மாவைப் பெற்ற பாட்டியின் கோத் என நான்கையும் விலக்குவது பழைய முறை. சொந்த ஊரில் பிறந்த யாரும் சகோதரன், சகோதரி. பஞ்சாபில் இது நடைமுறைக்கு ஒத்துவந்தது, அடுத்த ஊர் பக்கத்திலேயே இருந்தது. வெளிநாட்டில் என்ன ஆயிற்று என்றால், ஓர் ஊர்க்காரர் வந்து காலூன்றி, தம்பியை வரவழைத்து, மைத்துனரை வரவழைத்து, பாதி ஊரும் ஒரே தெருவில் குடியேறிவிட்டது. அந்தத் தெருவில் வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர் வெறும் பெயர்தான். கல்லூரியில் யாரையோ பார்த்துப் பிடித்துப்போய், மூன்று வருடம் கழித்து வீட்டில் சொன்னால், "அவன் நம் ஊர்க்காரன், உனக்கு அண்ணன் முறை" என்று பதில் வருகிறது. சாதியும் மதமும் பொருந்தி, பையன் டாக்டராகவும் இருந்து, ஊர் ஒன்றாகிப் போனதால் நின்றுபோன ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பெண் பிறகு வேறொருவரை மணந்து நன்றாகத்தான் இருக்கிறாள். தாத்தா ஊரின் பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டாள்.

இதுவரை சொன்னதில் பெற்றோர், பிள்ளை என இரண்டு தரப்புதான் வந்தது. நூறு வருடமாக இந்தக் குடும்பங்களில் யார் யாரைக் கட்டுவது என்பதை முடிவுசெய்த மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. குடியேற்றச் சட்டம். இதைப்போல வலுவான விசோலா வேறு யாரும் கிடையாது. மோதிரமும் கேட்காது.

கலிஃபோர்னியாவிலிருந்து தொடங்குகிறேன். 1900-களின் தொடக்கத்தில் அங்கே வயல் வேலைக்குப் போன பஞ்சாபி ஆண்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களின் வருகையை அடைத்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. மனைவியையும் வரவழைக்க முடியாது. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கப் போனால், மாநிலச் சட்டத்தைக் காட்டிப் பல எழுத்தர்கள் உரிமம் மறுத்தார்கள். மிச்சம் யார்? பக்கத்து வயலில் பருத்தி எடுத்த மெக்சிகோப் பெண்கள். இருவர் தோலும் ஒரே பழுப்பு என்று கண்ட மாவட்ட எழுத்தர்கள் திருமண உரிமம் கொடுத்தார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கு முதல் யூபா சிட்டி வரை இப்படிச் சில நூறு குடும்பங்கள் உருவாயின. இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று. முதல் பெண் தானாக விரும்பிக் கட்டுவாள். பிறகு கணவனுடைய கூட்டாளிக்குத் தன் தங்கையைப் பார்த்து முடித்துவைப்பாள். ஒரே வீட்டுச் சகோதரிகள் கூட்டாளிகளான பஞ்சாபிகளை மணந்தது அங்கே அடிக்கடி நடந்திருக்கிறது. ஊரில் அப்பாவும் சித்தப்பாவும் செய்திருக்க வேண்டிய ஏற்பாட்டை ஸ்பானிஷ் பேசும் மனைவி செய்தாள். அதே காலத்தில் பெர்க்லிக்குப் படிக்கப் போன தலீப் சிங் சௌந்த், செக் வம்சாவளிப் பெண்ணான மரியன் கோசாவை 1928-இல் காதலித்து மணந்தார். 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியர் அவர்தான். 1946-இல் சட்டம் தளர்ந்து, 1965-இல் கதவு திறந்ததும் பஞ்சாபிலிருந்து மனைவிகளும் மணப்பெண்களும் வரத் தொடங்கினார்கள். மெக்சிகோ வழி திருமணங்கள் அதோடு அநேகமாக முடிந்துபோயின. நூலகங்கள் இதைக் கலாச்சாரக் கலப்பு என்று அடுக்கி வைத்திருக்கின்றன. எனக்கு அது விசா விதி மாறிய தேதிகளாகத்தான் தெரிகிறது.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆண்கள்தான் தனியாக வந்தார்கள். வார்ப்பாலைகளிலும் ரப்பர் தொழிற்சாலையிலும் வேலை, ஓர் அறையில் ஆறு பேர் படுக்கை. 1962-இல் குடியேற்றக் கட்டுப்பாடு வந்ததும், கதவு மூடுவதற்குள் மனைவி மக்களை வரவழைத்தார்கள். பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்தபோது வரன் பார்க்கப்பட்ட இடம் பஞ்சாப். பிராதரிக்கு, அதாவது நம் பங்காளி உறவு வட்டத்துக்கு, ஒரு பையன் லண்டன் போவது குடும்பமே கரையேறுவதற்குச் சமம். அந்தச் சமயத்தில்தான் பிரிட்டிஷ் அரசுக்குப் பெற்றோர் பார்க்கும் திருமணத்தின்மேல் சந்தேகம் முற்றியது. 1979-இல், வருங்காலக் கணவரை மணக்க இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஹீத்ரூ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனை நடத்தப்பட்டது செய்தியாகி நாறியது. நிச்சயித்தவரை மணக்க வரும் மணமாகாதவள் என்றால் விசா இல்லாமல் வரலாம், மனைவி என்றால் விசா வேண்டும் என்பது விதி. இந்தியப் பெண் மணமாகாதவள் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஓர் அதிகாரி முடிவுகட்டியதன் விளைவு அந்தச் சோதனை.

1980-இல் 'முதன்மை நோக்க விதி' வந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை, இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? காதல் இருந்தது என்று காட்ட வேண்டும். பெண்ணை ஒரே ஒரு முறை, பத்துப் பேர் சூழ்ந்த கூடத்தில் பார்த்த பையனிடம் அதிகாரி, "அவளிடம் உனக்கு என்ன பிடித்தது?" என்று கேட்பார். பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் அவன் ஒரு மணிநேரம் பேசியிருப்பான். 1997-இல் அந்த விதி நீக்கப்பட்டது. அந்த மனப்பான்மை நீங்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கோப்பில் 'உறவு உண்மையானது' என்பதற்கு ஆதாரம் வைக்க வேண்டியிருந்தது. முதலில் கடிதங்கள், தொலைபேசி அட்டைகள். பிறகு நூற்றுக்கணக்கான பக்கம் வாட்ஸ்அப் உரையாடல். பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணத்தைக் காதல் திருமணமாகக் காட்ட வேண்டும்! ஆண்ட்டிஜி வீட்டில் காதலை ஏற்பாடாக மாற்றிக் காட்டினார்கள் என்றால், நான் அலுவலகத்தில் ஏற்பாட்டைக் காதலாக மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஜலந்தரில் இருந்த நிச்சயித்த பையனோடு ஏழு மாதம் பேசியது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் "சாப்பிட்டாயா?", "அங்கே மழையா?", "அம்மா எப்படி இருக்கிறார்?". ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு மூன்று மணிக்கு அவன், "தூங்கிவிட்டாயா?" என்று கேட்டிருந்தான். அவள் உடனே "இல்லை" என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில்தான் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். விசா கிடைத்தது.

2010-இல் மனைவிக்கும் கணவனுக்கும் ஆங்கிலத் தேர்வு வந்தது. 2012-இல் வரவழைப்பவருக்கு வருடம் 18,600 பவுண்ட் வருமானம் வேண்டும் என்றார்கள். 2024-இல் அதை 29,000 ஆக்கிவிட்டார்கள். பஞ்சாபிலிருந்து வரன் கொண்டுவருவது குறைந்ததற்கு இது ஒரு காரணம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் இங்கேயே பிறந்தவரைத்தான் வேண்டும் என்பது இன்னொன்று. "நான் பேசும் பஞ்சாபியைக் கேட்டு அவன் சிரிப்பான், அவன் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு என் தோழிகள் சிரிப்பார்கள்" என்றாள் ஆண்ட்டிஜியின் இளைய மகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் சீக்கியர் 5,24,000 பேர். கனடாவில் 7,70,000-க்கும் மேல். வரன் தேட ஊருக்குப் போக வேண்டிய அவசியம் இனி இல்லை.

கனடாவில் இதே விளையாட்டு தலைகீழாக நடந்தது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு மாணவர் விசா கிடைக்கும். அவளை மணந்தவன் துணைவருக்கான வேலை அனுமதியில் பின்னால் போகலாம். பஞ்சாபிப் பத்திரிகைகளின் வரன் பகுதியில் "ஐஇஎல்டிஎஸ் தேறிய பெண் தேவை, செலவு முழுவதும் பையன் வீட்டார்" என்ற விளம்பரங்கள் வரிசை கட்டின. காலங்காலமாகப் பெண் வீட்டார் வரதட்சிணை கொடுத்து நொந்த ஊரில், பையன் வீட்டார் நிலத்தை விற்றுப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். போன பெண் தொலைபேசியை எடுக்கவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போன மாமனார்களும் உண்டு. அதற்கு முன்பு, விடுமுறைக்கு வந்து கல்யாணம் செய்துவிட்டு மறைந்துபோன வெளிநாட்டு மாப்பிள்ளைகளைத் தேடி அலைந்த மனைவிகள் அதைவிட அதிகம். அவர்களுக்காக இவ்வளவு சத்தம் எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் கனடா, துணைவருக்கான வேலை அனுமதியை முதுகலை, முனைவர் மாணவர்களின் துணைவர்களுக்கு என்று சுருக்குவதாக அறிவித்தது. அந்தக் கல்யாணச் சந்தை அதோடு படுத்துவிட்டது.

இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'இஸ்ஸத்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மானம், குடும்ப கௌரவம். அது எப்போதும் பெண்ணின் காலில்தான் கட்டப்பட்டிருக்கும். கனடாவில் பிறந்த ஜஸ்விந்தர் கௌர் சித்து, பஞ்சாபில் ஆட்டோ ஓட்டிய இளைஞரை விரும்பி ரகசியமாக மணந்தார். 2000-ஆம் ஆண்டு ஜூனில் பஞ்சாபில் கொல்லப்பட்டார். கொலைச் சதிக் குற்றச்சாட்டில் அவருடைய தாயையும் தாய்மாமனையும் கனடா 2019-இல்தான் இந்தியாவிடம் ஒப்படைத்தது. தாய்மாமன் என்றால் பஞ்சாபிக் கல்யாணத்தில் நம்மைப் போலவே சீரோடு வருபவர், பெண்ணுக்குச் சிவப்பு வளையல் அணிவிப்பவர். மேற்கு லண்டனில் விவாகரத்து கேட்ட சுர்ஜித் கௌர் அத்வாலை, உறவுக்காரக் கல்யாணம் என்று சொல்லி 1998-இல் பஞ்சாபுக்கு அழைத்துப் போய்க் கொன்ற வழக்கில் கணவரும் எழுபது வயது மாமியாரும் 2007-இல் தண்டிக்கப்பட்டார்கள். டெர்பியில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, கட்டாயத் திருமணத்துக்குத் தப்பி வீட்டைவிட்டு ஓடிய ஜஸ்விந்தர் சங்கேரா 1993-இல் தொடங்கிய 'கர்மா நிர்வாணா' அமைப்பு இன்றும் அப்படிப்பட்ட பெண்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கிறது. இங்கிலாந்தில் கட்டாயத் திருமணம் 2014 முதல் குற்றம்.

பெற்றோர் பார்ப்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் நடுவே தெளிவான கோடு உண்டு, இரண்டும் வேறு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நானும் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் "உன் முடிவுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் வீட்டில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று என்னைக் கேட்டால் எனக்குக் கை காட்டத் தெரியாது.

நான்கில் முதல் கேள்வி, சீக்கியனா என்பது, இப்போது மறுபடி சூடாகியிருக்கிறது. வேற்று மதத்தவரை மணப்பதைவிட அந்தத் திருமணத்தை ஆனந்த் காரஜாக நடத்துவதுதான் சண்டை. 2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பா ஊர் குருத்வாராவில் ஒரு கலப்பு மதத் திருமணத்தைத் தடுக்க வந்த 55 பேரைக் காவல்துறை கைதுசெய்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். தாத்தாக்கள் வெள்ளைக்கார மருமகளுக்கு லட்டு ஊட்டியிருப்பார்கள். பேரன்கள் விதிப்புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. கிரந்தத்தைக் குருவாக ஏற்காதவர் அதை வலம் வருவதில் என்ன பொருள் என்று கேட்கிறார்கள். முகமூடி அணிந்துகொண்டு கேட்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

மற்றபடி இன்றைய நடைமுறை உங்களுக்கே தெரிந்ததுதான். இணையதளம், செயலி, பெற்றோர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு, குருத்வாராவில் வரன் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம். பயோடேட்டாவில் உயரம், படிப்பு, கோத். அத்தோடு தலைப்பாகையா, முடி வெட்டியவரா, மது உண்டா என்பது. நான்கு தடவை காபி குடிக்கலாம். ஐந்தாவது தடவைக்குள் 'ரோக்கா', அதாவது வாக்குக் கொடுத்து நிறுத்திவைப்பது, நடக்க வேண்டும் என்று அம்மாக்கள் எதிர்பார்ப்பார்கள். அம்மா கொடுத்த பெயருக்குரியவரைப் பிடித்துப்போனால் அது காதலா, ஏற்பாடா? யாரும் கேட்பதில்லை.

உங்கள் அலுவலகப் பெண் அழைத்தால் போய் வாருங்கள். தலையை மூடத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிரந்தத்துக்கு நேரே காலை நீட்ட வேண்டாம். இரண்டு வீட்டு ஆண்கள் முறை சொல்லி மாலை மாற்றும் 'மில்னி'க்கு முன்பே போனால் சூடான பக்கோடா கிடைக்கும். லாவான் நடக்கும்போது அண்ணன் தம்பிகள் கிரந்தத்தைச் சுற்றி நின்று பெண்ணைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளையை அன்றுதான் பார்த்ததுபோல நடப்பார். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெரியவர் யாரும் கேட்காமலே, இந்தச் சம்பந்தத்தைத் தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று உங்களுக்கு விளக்கத் தொடங்குவார். அவர் விரலைப் பாருங்கள், மோதிரம் புதிதாக இருக்கும்.